ரிச்சி தெருவில் பேட்டரி வைத்தியம்!

சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கி, மவுன்ட் ரோடு பக்கம் நடந்தால் ரிச்சி தெரு. கூட்டம் அலைமோதுவது லேப்டாப்புக்கும் மொபைலுக்கும்தான். ஆனா பாஸ், தாத்தா காலத்து கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற சாமானும் இங்கேயே சல்லிசாகக் கிடைக்கும்!

பல 386, 486 மதர்போர்டுகளில் குட்டி பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை சால்டர் பண்ணியிருப்பாங்க. கரன்ட் போனாலும் தேதி, ஹார்டு டிஸ்க் விவரத்தை எல்லாம் ஞாபகம் வச்சிருக்கிறது அதோட வேலை. அது செத்தா, தன்னிடம் ஹார்டு டிஸ்க் இருப்பதே மெஷினுக்கு மறந்துடும். கசிஞ்சா இன்னும் மோசம். போர்டிலுள்ள செம்புத் தடங்களையே அரிச்சுடும். அதனால முதல்ல அதைக் கழற்றுங்க. கசிந்த இடத்தைக் கொஞ்சம் வினிகரால் துடைச்சு, சுத்தம் பண்ணிக் காய வைங்க.

அப்புறம் ஷாப்பிங். மூணு ஏஏ செல், ஒரு ஹோல்டர், ஒரு சிலிக்கான் டையோடு, நீளமா ரெண்டு ஒயர். செல் மூணும் சேர்ந்து 4.5 வோல்ட். டையோடு 0.6 சாப்பிட்டாலும் மீதி போதும்.

''தம்பி, டையோடு இல்லாம கட்டிடாதே!'' என்கிறார் கடைக்கார அண்ணன். காரணம் இருக்கு. பழைய பேட்டரியை போர்டே சார்ஜ் பண்ணும். சாதா செல்லுக்கு சார்ஜ் ஏறினா கசியும், வெடிக்கவும் கூடும். டையோடில் கோடு போட்ட முனை போர்டின் பிளஸ் பக்கம் இருக்கணும். ஹோல்டரை போர்டை விட்டுத் தள்ளி ஒட்டுங்க. நாளைக்குக் கசிஞ்சாலும் போர்டு தப்பிக்கும்.

டாஸில் மட்டுமே ஓடும் லேப் மெஷின் உங்க காலேஜிலும் தூங்குதா? காயலான் கடைக்குப் போடும் முன்னே, ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போங்க!