செகண்ட்ஸ் பாடுகிறவர்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பயிற்சி என்றார்கள். கால்மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படக் கூடங்களுக்கும் நடுவே இருக்கிற ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம். நவம்பர் கடைசி. மத்தியானம் பெய்த மழையில் வாசல் மண் இன்னும் காயவில்லை. உள்ளே ஒருவர் மட்டும் விளக்கைப் போட்டுவிட்டு, பெஞ்சுகளை அரைவட்டமாக இழுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கையைப் பலமுறை சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு மிச்சமிருந்தது. "வாங்க, உட்காருங்க. நான் பேஸுங்க," என்றார். குவயரில் அறிமுகம் இப்படித்தான். பேருக்கு முன்னால் குரல் வந்துவிடுகிறது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி ஒன்றிலிருந்து கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்த பெண் நேராகக் கீபோர்டில் உட்கார்ந்தார். டெனர் இரண்டே பேர். அதில் ஒருவர் பார்சல் கொண்டுசேர்க்கும் வேலை செய்கிற பையன். அவன் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. நான் பார்த்த எந்தக் குவயரிலும் டெனருக்குப் பஞ்சம்தான். பட்டியலில் இருபத்திரண்டு பேர், அன்றைக்கு வந்தது பதினான்கு. கடைசியாக, ஆறு இருபதுக்கு, ஒரு கையில் டிபன் கூடையும் மறு கையில் நோட்டுமாக வந்தவர்தான் நான் பார்க்க வந்தவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். பதினேழு வருடமாக ஆல்ட்டோ. இங்கே யாரும் அதை ஆல்ட்டோ என்பதில்லை. "அக்கா செகண்ட்ஸ் பாடறவங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

நாலு குரல் பாட்டில் சோப்ரானோவுக்கு ராகம் கிடைக்கிறது. சபையார் வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது அதைத்தான். பேஸ் அடித்தளம், தரை அதிர்வதில் அது தெரிந்துவிடும். டெனர் உயரத்தில் ஒலிப்பதால் காதில் படும். ஆல்ட்டோ இவற்றுக்கு நடுவில், பெரும்பாலும் நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே நடமாடுகிறது. சில வரிகளில் ஒரே ஸ்வரத்தில் ஏழெட்டு எழுத்து நின்றுகொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் ராகம் ஏறி இறங்கி இழுக்கும்போது அதன் பின்னால் போகாமல் நிற்பதுதான் வேலை. அது எவ்வளவு கடினம் என்று பாடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எனக்காகக் குவயர் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நிதானமாகப் பேசுகிறவர். "செகண்ட்ஸ் மட்டும் சும்மா இருங்க. மத்தவங்க ஒரு தரம் பாடுங்க," என்றார். பாடினார்கள். தப்பு என்று எதையும் சுட்ட முடியவில்லை. ராகம் இருந்தது, சொல் இருந்தது, தாளம் இருந்தது. ஆனால் தறியில் பாவு மட்டும் விறைப்பாக நிற்க, ஊடை ஓடாதது போல இருந்தது. கை வைத்தால் விரல் அந்தப் பக்கம் போய்விடும். மறுபடி நான்கு பெண்களும் சேர்ந்துகொண்டதும் அது துணியாகிவிட்டது. அந்த நால்வரின் குரலைத் தனியாகப் பிடிக்க முயன்றேன். பிடிபடவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் தலையாட்டினார்.

பயிற்சியில் பாதி நேரம் தமிழோடுதான் மல்லுக்கட்டு. பாமாலைகள் ஐரோப்பிய மெட்டுக்கு எழுதப்பட்டவை. மெட்டு எங்கே நீள்கிறதோ அங்கே தமிழில் குறில் வந்து விழுந்தால் ஆபத்து. 'படு' என்பதை இழுத்தால் 'பாடு' ஆகும். 'கல்' 'கால்' ஆகும். ஆகவே ஸ்வரம் நீண்டாலும் குறில் குறிலாகவே காதில் விழும்படி வாயைத் திறக்கும் அளவை மாற்றச் சொல்கிறார் மாஸ்டர். மகர மெய்யில் முடியும் சொற்கள் இன்னொரு சிக்கல். பதினான்கு பேரும் பதினான்கு நேரத்தில் உதட்டை மூடினால் வண்டு முரல்வது போல ஆகிவிடும். ஒரே ஒரு 'ம்'முக்காகப் பன்னிரண்டு தடவை நிறுத்தினார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

கீர்த்தனை வேறு உலகம். அதில் பல்லவி, அனுபல்லவி, சரணம். எல்லாரும் ஒரே ராகத்தில் பாடுகிறார்கள். இந்த இரண்டு பாட்டு மரபுகளும் ஒரே ஆலயத்தில் அருகருகே உட்கார்ந்திருப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வாய்த்த செல்வம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதிய பாடல்கள் வீடுகளிலும் கூட்டங்களிலும் பாடப்பட்டு வந்தன. அவற்றை ஆராதனைக்குள் கொண்டுவரும்படி 1853-இல் அச்சுப் புத்தகமாக்கியவர் மதுரை மிஷனில் இருந்த எட்வர்ட் வெப். லண்டன் மிஷன் கோயம்புத்தூருக்கு வந்தது 1830-இல், ஆடிஸ் என்ற போதகரோடு. அதே மிஷனில் பிற்பாடு ஈரோட்டில் ஊழியம் செய்த எச்.ஏ. பாப்லியை இசைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இங்கிலாந்திலிருந்து வந்தவர், நம் சங்கீதத்தை உட்கார்ந்து கற்றார். 1921-இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1931-இல் திருக்குறளை மொழிபெயர்த்து வெளியிட்டார். போன மாதம் ஈரோடு பிரப் ரோட்டில், அந்தச் சாலைக்குப் பெயர் தந்த பிரப் போதகரின் நினைவு ஆலயத்துக்கு எதிரே நின்றபோது பாப்லியைத்தான் நினைத்துக்கொண்டேன். மஞ்சள் மூட்டைகளும் ஜவுளி வண்டிகளும் போகிற இந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரர் தாளம் போட்டுப் பழகியிருக்கிறார்.

இடைவேளையில் டீ வந்தது. பேஸ் அண்ணன் 2012-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோவைக்காரர்கள் அந்த வருடத்தை மறக்க மாட்டார்கள். ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். "ஜாப் ஒர்க் பட்டறைங்க. பம்பு ஷாஃப்ட் கடையறோம். கரண்ட் எப்ப வருதோ அப்பத்தான் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஓடணும். குவயர் நேரத்துல எப்பவும் இருட்டுதான்." கீபோர்டு ஊமையாகிவிட, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெறும் குரலிலேயே பழகியிருக்கிறார்கள். துணை வாத்தியம் இல்லாவிட்டால் ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி நூலிழை நூலிழையாகக் கீழே இறங்கும்; பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. மாஸ்டர் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் சொல்லி ஓர் இசைக்கவையை வாங்கி வந்து, சரணத்துக்குச் சரணம் முழங்காலில் தட்டிக் காதில் வைத்துச் சரிபார்ப்பாராம். முதல் மாதம் முழுக்க இறங்கிக்கொண்டே போனார்கள். மூன்றாவது மாதம் நின்றுவிட்டது.

"பட்டறைக் காது அதுக்கு உதவுச்சுங்க," என்றார். "பேரிங் போறதுக்கு முந்தியே சத்தம் மாறும். மெஷின்ல நிக்கறவனுக்கு அது தெரியணும். இங்கயும் அதேதான். பக்கத்துல ஒருத்தர் கொஞ்சூண்டு எறங்கினாக்கூடத் தெரிஞ்சு போகும்." இன்றும் கடைசிச் சரணத்தைக் கீபோர்டு இல்லாமல் பாடும் பழக்கம் இவர்களிடம் இருக்கிறது. அந்த இருட்டு மாதங்களின் மிச்சம் அது.

இந்தப் பயிற்சிக்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, செவிலியர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்காநல்லூரில் இரண்டு அறை வீடு. காலை ஏழு முதல் இரண்டு வரை பணி முடித்து மூன்று மணிக்குத்தான் வந்திருந்தார். உட்காரவில்லை. அரிசியைக் களைந்தபடி பேசினார், காதில் ஒரு பக்கம் இயர்போன். மாஸ்டர் ஒவ்வொரு குரலையும் தனியாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். பேருந்தில் வரும்போது ஒரு தடவை, உலை கொதிக்கும்போது ஒரு தடவை, மகளுக்குத் தலை பின்னும்போது ஒரு தடவை. இப்படித்தான் டிசம்பரின் பதினோரு பாட்டும் அவருக்கு ஏறுகின்றன.

ஞாயிறு காலைகளை எப்படி மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இன்னும் மனதில் நிற்கிறது. வார்டில் உடன் வேலை செய்யும் பெண்கள் டிசம்பர் 24 இரவையும் 25-ஐயும் அவருக்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். பதிலுக்குத் தீபாவளியும் பொங்கலும் அவருடையவை. "எங்க நோம்பிக்கு அவங்க, அவங்க நோம்பிக்கு நானுங்க. பதினேழு வருசத்துல ஒரு தீபாவளிக்கும் நான் லீவு எடுத்ததில்ல." ஞாயிறுகளுக்கோ, ஒன்றுக்கு ஒன்றாக இரவுப் பணியை வாங்கிக்கொள்கிறார். அதாவது, சபை கேட்கும் நாலு நிமிடப் பாட்டுக்கு ஓர் இரவுத் தூக்கம் விலை.

மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மில்லில் ரீலிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நின்று வேலை பார்த்த உடம்பு. "அவ பாடப் போனா நா சோறாக்கறேன். இதுலென்ன இருக்குது சாமி. நாங்க மில்லுல மெஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பாடுவோம். எங்க பாட்ட ஆரு உக்காந்து கேட்டாங்க? இவளயாச்சும் கேக்கட்டும்." மருமகள் திரும்பி, "அத்தை, நான் பாடறதும் ஆருக்கும் கேக்காதுங்க அத்தை, செகண்ட்ஸு," என்றார். இருவரும் சிரித்தார்கள்.

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளைப் பற்றி அப்போதுதான் சொன்னார்கள். குழந்தையாக இருந்தபோதே அடுப்படியில் அம்மா பாடக் கேட்டு வளர்ந்தவள். அம்மா வீட்டில் பாடுவது ஆல்ட்டோ மட்டும். அதுவே பாட்டு என்று அவள் நினைத்திருக்கிறாள். பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கியபோது எல்லாரும் ராகத்தைப் பாட, இவள் ஒருத்தி அம்மாவின் வரியைப் பாடியிருக்கிறாள். தப்பு என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதவளிடம், "நீ பாடினது சரிதான் கண்ணு, அது வேற பாதி," என்று அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் இந்தக் குவயரில் ஆறேழு பேர் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். அங்கே கீர்த்தனைதான், தாத்தா பாட்டிகள் சேர்ந்து பாட வேண்டுமே. அந்த ஒரு மணி நேரம் அக்காவும் ராகத்துக்கு வந்துவிடுகிறார். அதற்கும் மேல், யாராவது இறந்துவிட்டால் வேலை நாள் மதியத்தில் அழைப்பு வரும். கல்யாணத்துக்குத் தேதி தெரியும், சாவுக்குத் தெரியாது. பட்டறையை மூடிவிட்டு பேஸ் அண்ணன் வருவார், இரவுப் பணி முடிந்தவர் தூங்காமல் வருவார். நாலு குரல் கூடாத நாட்களும் உண்டு. இரண்டு குரலோடு கல்லறை வரைக்கும் நடந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் யாருக்கும் ஒரு பைசா இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் நான் கேட்க விரும்புகிறேன். டிசம்பரில் இரவு எட்டு மணிக்கு வண்டியேறி, வீடு வீடாகக் கேரல் பாடி, பின்னிரவு இரண்டு மணிக்கு இறங்கும் பெண்களுக்கு வீடு சேர ஒரு வண்டி ஏற்பாடு செய்வது எந்தச் சபைக்கும் பெரிய செலவாகாது. வேறொரு ஆலயத்தில் குவயரை நிறுத்திவிட்டு, பதிவு செய்த டிராக்கைப் போட்டுப் பாடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஸ்பீக்கருக்கு இரவுப் பணி கிடையாது, உண்மைதான். அங்கே பாடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சபையோடு சபையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டபோது வலித்தது.

சனிக்கிழமை எட்டேகாலுக்கு அக்கா நோட்டை மூடினார். ஒன்பதுக்கு இரவுப் பணி. மாஸ்டர் தலையசைத்தார், டிபன் கூடையோடு அவர் பின்கதவால் போனார். மூன்று பேர் மிச்சமிருந்த ஆல்ட்டோவோடு கடைசிப் பாட்டைப் பாடினார்கள்.

மறுநாள் எட்டரை ஆராதனைக்குப் பக்கவாட்டு வரிசையில், ஆல்ட்டோ பக்கமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். முதல் மணி அடித்த பிறகுதான் அவர் வந்தார். மருத்துவமனையிலேயே குளித்திருக்கிறார், ஈரக்கூந்தல் வெள்ளை அங்கியின் முதுகை நனைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாமாலை எண் சொல்லப்பட்டது, எல்லாரும் எழுந்தோம். முதல் சரணம், இரண்டாவது. கடைசிச் சரணத்தில் கீபோர்டு நின்றுபோக, நான் அவர் குரலைத் தேடினேன். அது கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு முன் வரிசையில், பாட்டியின் புடவை முந்தானையைப் பிடித்தபடி நின்ற பிள்ளையிடமிருந்து அதே வரி, சன்னமாக, நடுங்காமல் வந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த சபை முழுவதும் ராகத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரசங்கம் தொடங்கியதும் அக்கா பெஞ்சின் மூலையில் சாய்ந்துகொண்டார். பக்கத்திலிருந்த பெண் தன் தோளைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.