பெரிய சக்கரமா, சிறிய சக்கரமா?

காலுக்கு ஏற்ற செருப்பும் உடலுக்கு ஏற்ற உடையும் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மிதிவண்டி வாங்கும்போது மட்டும், "வளர்கிற பிள்ளைதானே, பெரியதாகவே இருக்கட்டும்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். "சின்னச் சக்கரம் என்றால் தோழிகள் சிரிப்பார்கள்" என்று நாமும் சொல்கிறோம். உண்மையில் பெரிய சக்கரம்தான் நல்ல சக்கரமா? இந்தக் கேள்வியை நம்மைவிட அதிகமாகக் கேட்டவர்கள் மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டுகிறவர்கள். அவர்கள் கண்ட விடை நமக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மலை மிதிவண்டியின் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே பேர்பாக்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே ஒரு செங்குத்தான மண்பாதையில் 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய மிதிவண்டிகளில் இறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் கொண்ட வண்டிகள் அவை. அடிவாரம் வந்து சேர்வதற்குள் பிரேக்கில் உள்ள கிரீஸ் சூட்டில் எரிந்து புகையாகிவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கு 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைத்தல்', என்றே பெயர் வந்தது!

அந்த வண்டிகளின் சக்கரம் 26 அங்குலம். அந்த அளவை யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்வின் நிறுவனம் 1933ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவர் வண்டிகளுக்குப் பருத்த டயர்களை அறிமுகப்படுத்தியது. கல்லும் மண்ணும் தாங்கும் பருமனான டயர் அந்த அளவில்தான் எளிதில் கிடைத்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய வண்டி செய்தபோதும் அதே சக்கரத்தையே மாட்டினார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் முதன்முதலாக இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற இத்தாலியின் பாவோலா பெஸ்ஸோ 26 அங்குலச் சக்கரத்தில்தான் ஓடினார். 2000இல் சிட்னியிலும் அவரே வென்றார்.

1999இல் 29 அங்குலச் சக்கரத்துக்குரிய பருத்த டயர் வந்தது. பின்னர் இரண்டுக்கும் நடுவே 27.5 அங்குலமும் வழக்கத்துக்கு வந்தது. இப்போது கடைகளில் மூன்றையும் காணலாம். புதிய பந்தய வண்டிகளில் 26 அரிதாகிவிட்டது.

பெரிய சக்கரத்தின் நன்மை என்ன? பத்தாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதும். பாதையில் 10 செ.மீ. உயரமுள்ள கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் அதைத் தொடும் புள்ளியில் ஒரு தொடுகோடு வரைந்தால், அது தரையோடு உண்டாக்கும் கோணமே சக்கரம் ஏறவேண்டிய சரிவு. நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். 26 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 46 பாகை, 27.5க்கு 44½ பாகை. 29க்கு 43 பாகை. சக்கரம் பெரிதாக ஆகச் சரிவு குறைகிறது. கல் சிறிதானது போலத் தோன்றுகிறது. வேர்களும் பள்ளங்களும் நிறைந்த பாதையில் பெரிய சக்கரம் குலுங்காமல் போவது இதனால்தான்.

சுற்றுகளையும் எண்ணிப் பார்த்தோம். ஒரு கிலோமீட்டர் செல்ல 26 அங்குலச் சக்கரம் சுமார் 482 முறை சுற்ற வேண்டும். 29 அங்குலச் சக்கரத்துக்கு 432 சுற்றே போதும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒரு மிதியில் அதிக தூரம் போவதால், பல்சக்கரங்களை மாற்றாவிட்டால் ஏற்றத்தில் மிதிப்பது கடினமாகிறது. பெரிய டயரும் ரிம்மும் நீண்ட கம்பிகளும் எடையைக் கூட்டுகின்றன. ரிம்மில் உள்ள எடையை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆகவே நின்ற இடத்திலிருந்து வேகம் எடுப்பதிலும், நெருக்கமான வளைவில் சட்டென்று திரும்புவதிலும் சிறிய சக்கரமே சுறுசுறுப்பானது.

இன்னொரு வேடிக்கை உண்டு. 27.5 என்பது 26க்கும் 29க்கும் சரிநடு எண். ஆனால் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் முறையே 559, 584, 622 மில்லிமீட்டர். நடுவில் இருப்பது சிறியதற்கே நெருக்கமாக இருக்கிறது! நம் தாத்தாக்கள் ஓட்டிய 28 அங்குலக் கறுப்பு மிதிவண்டியின் ரிம்மோ 635 மில்லிமீட்டர். '29' என்பதைவிட அதுவே பெரியது! பருத்த டயரைச் சேர்த்த பிறகே 29 அங்குலம் முந்துகிறது. பெயரில் உள்ள எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

எது சிறந்தது என்ற விவாதத்துக்கு 2012 லண்டன் ஒலிம்பிக் ஒரு நல்ல சான்று. ஆண்கள் பந்தயத்தில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலத்தில் ஓடினார். சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 27.5இல் ஓடினார். ஒன்றரை மணி நேரம் கல்லிலும் மேட்டிலும் போராடிய பின் குல்ஹாவி தங்கம் வென்றார். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு விநாடி! சக்கரம் மட்டுமே வெற்றியை முடிவு செய்வதாக இருந்தால் இத்தனை நெருக்கம் வந்திருக்குமா?

2019 முதல் உலகப் பந்தயங்களில் முன்னே பெரிய சக்கரமும் பின்னே சிறிய சக்கரமும் மாட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவர் உடலைப் பின்னே தாழ்த்த வேண்டும். உயரம் குறைந்தவரைப் பெரிய பின்சக்கரம் உரசும். ஆகவே பந்தய வீரர்களே தங்கள் உடலை அளந்துதான் சக்கரத்தைத் தேர்கிறார்கள்.

நாம் மட்டும் ஏன் அளக்கக் கூடாது? எங்கள் வகுப்பில் ஐந்து அடியைத் தொடாதவர்கள் பலர். மிகப் பெரிய வண்டியில் பிரேக் பிடித்து நிறுத்தினால் அவர்களுடைய கால் தரைக்கு எட்டாது, வண்டி சாயும். அதுவும் பேருந்தும் லாரியும் போகும் சாலையில்! சிறு சட்டத்தில் பெரிய சக்கரத்தைப் பொருத்தினாலோ, திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கக்கூடும். ஆகவே பெற்றோரே, வண்டி வாங்கும்போது மகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சட்டத்துக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்க முடிகிறதா, பிரேக் விரலுக்கு எட்டுகிறதா, ஹேண்டிலைத் திருப்பினால் கால் தட்டுகிறதா என்று பார்த்த பிறகு சக்கரத்தின் எண்ணைப் பாருங்கள்.

அன்புத் தோழியரே! இறைவன் நம் எல்லோரையும் ஒரே உயரத்தில் படைக்கவில்லை. சிறிய சக்கரத்தில் வருகிறவள் கிலோமீட்டருக்கு ஐம்பது சுற்று கூடுதலாகச் சுற்றுவாள், அவ்வளவுதான். அவளும் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு வந்துவிடுவாள்.