யாரும் படிக்காத இணைப்பு

கைபேசியில் 'கெ' அடிக்கும்போது முதலில் தொடுவது 'க'வைத்தான். திரையிலோ கொம்பு முன்னால் போய் நிற்கிறது. (புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் குறியெல்லாம் எழுத்தின் தலைமேலோ அடியிலோதான், இந்தத் தொல்லை இல்லை.) கொம்பை முன்னே நகர்த்துவது ஹார்ஃப்பஸ் என்னும் இலவச நிரல் நூலகம். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் அது உண்டு.

அதை எழுதுவது ஒரு குழு, குரோம் செய்வது வேறு குழு. அதனால் நூலகத்தின் எந்தெந்தக் கோப்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று குரோம்காரர்கள் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். சென்னையில் என் பேரனுக்கும் இப்படியொரு பட்டியல் பார்க்கிற வேலைதான்.

"அவங்க புதுசா ஒண்ணு சேர்த்து நான் எழுதாம விட்டா, மொத்தமும் நின்னுடும் தாத்தா" என்றான்.

சிவகாசிக்காரர்களுக்கு இது புரியும். குழாய் ஓரிடம், திரி ஓரிடம், வெடி கட்டுவது இன்னோரிடம். திரியின் பருமன் மாறினால் கட்டுகிற இடத்தில் தெரிய வேண்டாமா?

2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற நூலகத்தில் கள்ளக்கதவு ஒன்று பிடிபட்டது. அதை உள்ளே இழுத்துவிடும் வரிகள், வெளியீட்டுத் தொகுப்பின் கட்டுமானக் கோப்பில் ஒளிந்திருந்தன. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிக் கண்டுபிடித்தார். விருதுநகரில் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த எனக்கு ஆச்சரியமில்லை. கடைசி இணைப்பை யார் படிக்கிறார்கள்?

பேரன் இப்போது ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வரி வரியாக ஒப்பிட்டுத்தான் சேர்க்கிறான். வருட மதிப்பீட்டில், "புதிதாக என்ன செய்தாய்?" என்றார்களாம். "எதுவும் நிற்காமல் பார்த்துக்கொண்டேன்" என்றிருக்கிறான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையாம்.