விழா முடிந்த திங்கட்கிழமை

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கில் சாமர்செட் என்றொரு மாவட்டம் உண்டு. தாழ்ந்த குன்றுகள், பசும்புல் வெளிகள், இருமருங்கும் வேலிச் செடிகள் உயர்ந்து நிற்கும் குறுகிய கிராமச் சாலைகள், கறவை மாடுகள் மேயும் பண்ணைகள் ஆகியவையே அந்த நாட்டுப்புறத்தின் அடையாளங்கள். அங்கே கிளாஸ்டன்பரி என்னும் பழம்பெரும் ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 6 மைல் தொலைவில் பில்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1539-ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னரால் கலைக்கப்பட்ட கிளாஸ்டன்பரி துறவு மடத்துக்குச் சொந்தமாயிருந்த கற்களஞ்சியம் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. 1963-இல் இடி விழுந்து எரிந்துபோன அதன் கூரையைப் பிற்காலத்தில் புதுப்பித்திருக்கிறார்கள்.

இந்த அமைதியான ஊரின் பால் பண்ணை ஒன்று இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. வொர்த்தி பண்ணை என்பது அதன் பெயர். பண்ணையின் உரிமையாளரான மைக்கேல் ஈவிஸ் என்பவர், 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் தம் வயலில் ஓர் இசை விழா நடத்தினார். கட்டணம் ஒரு பவுண்டு. வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். ஏறத்தாழ 1,500 பேர் வந்தனர். அந்தச் சிறு விதைதான் இன்று கிளாஸ்டன்பரி இசை விழா என்னும் பெருமரமாக வளர்ந்து நிற்கிறது. ஜூன் மாதக் கடைசியில் புதன் தொடங்கி ஞாயிறு வரை ஐந்து நாள்கள் நடக்கும் இவ்விழாவில், பணியாளர்களையும் சேர்த்து இரண்டு இலட்சம் பேர் வரை கூடுகின்றனர். பெரும்பாலோர் வயல்களிலேயே கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். ஐந்து நாள்களுக்கு அந்தப் பண்ணை ஒரு மாநகரம்.

வாசக அன்பர்களே, விழாவின் இசையைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது அந்த மாநகரம் கலையும் நாளைப் பற்றியே. பாட்டு ஓய்ந்து, விளக்குகள் அணைந்து, அடுத்த நாள் திங்கட்கிழமை விடிகிறது. இரண்டு இலட்சம் மக்களும் ஒரே நாளில் வீடு திரும்ப வேண்டும். இவர்களில் பல்லாயிரவர் காரில் வந்தவர்கள். விழாவுக்குப் போவதற்குப் பல மாதங்கள் திட்டமிடுகிற இளைஞர், திரும்பி வருவதற்கு ஒரு மணி நேரமாவது திட்டமிடுகிறாரா? ஐந்து நாள் மகிழ்ச்சியையும் காக்கவோ கெடுக்கவோ வல்லது அந்த ஒரு நாள் பயணம் அல்லவா?

வயலிலிருந்து சாலைக்கு

முதற்கண் அங்குள்ள நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். கார்கள் நிற்பதற்குத் தார் போட்ட இடம் கிடையாது. பண்ணைகளைச் சுற்றியுள்ள புல்வெளிகளே கார் நிறுத்தும் இடங்கள். ஒவ்வொரு வயலிலும் வரிசை வரிசையாகக் கார்கள். எல்லாம் ஒன்று போலவே தோன்றும். விழா நிலத்தைச் சுற்றியுள்ள வேலியே ஏறத்தாழ 8 மைல் நீளம் கொண்டது. கூடாரத்திலிருந்து காரை அடைவதற்கு, முதுகிலும் கைகளிலும் சுமையோடு நெடுந்தூரம் நடக்க நேரிடலாம். ஆகவே காரை நிறுத்தும் புதன்கிழமையன்றே, எந்த வாயில், எந்த வயல், எந்த வரிசை என்பதை ஒரு தாளில் எழுதி, உடன் வந்தவர் அனைவரிடமும் ஆளுக்கொரு படி கொடுத்துவிட வேண்டும். கைப்பேசியில் குறித்து வைப்பதும் நல்லதே; ஆனால் ஐந்தாம் நாள் அதில் மின்சாரம் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

அடுத்தது மழை. ஜூன் மாதம் அங்கே கோடைக்காலம் என்றாலும் மழைக்குக் காலம் தெரியாது. 2016-ஆம் ஆண்டு பெய்த மழையில் வயல்களெல்லாம் சேறாகி, வந்து சேரும் கார்களே பல மணி நேரம் சாலையில் நின்றன. இத்தகைய ஆண்டுகளில் சேற்றில் புதைந்த கார்களை டிராக்டர் கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது. வண்டி சிக்கிக்கொண்டால் வேகமிதியை அழுத்த அழுத்தச் சக்கரம் இன்னும் ஆழமாகவே புதையும். பொறுமையுடன் உதவிக்குக் காத்திருப்பதே அறிவுடைமை.

வயலை விட்டு வெளியே வந்தால் குறுகிய கிராமச் சாலைகள். அவற்றின் வழியே நெடுஞ்சாலையை அடைய வேண்டும். லண்டன் செல்வோர் தெற்கே சென்று ஏ-303 சாலையைப் பிடித்து, ஸ்டோன்ஹென்ஜ் என்னும் தொன்மையான கல் வட்டத்தைக் கடந்து கிழக்கே போவர்; தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மான்செஸ்டர் போன்ற வடபகுதி நகரங்களுக்குச் செல்வோர் எம்-5 என்னும் விரைவுச் சாலையையும் பின்னர் எம்-6 சாலையையும் நாடுவர். அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர். திங்கட்கிழமை காலை முதல் பிற்பகல் வரை இவ்வழிகளிலெல்லாம் நெரிசல் மிகும். வயலிலிருந்து தார்ச் சாலையை எட்டுவதற்கே சில மணி நேரம் பிடிப்பதுண்டு. அத்தருணத்தில் குறுக்கு வழி தேடிச் சந்துகளில் நுழைவது பயன் தராது. விழா நடத்துவோரும் காவல் துறையினரும் குறித்துள்ள வழியிலேயே செல்வது நலம்.

எந்த நேரத்தில் புறப்படுவது?

இளைஞர் முன் மூன்று வழிகள் உள்ளன. ஞாயிறு இரவு கடைசிக் கச்சேரி முடிந்தவுடன் நள்ளிரவிலேயே கிளம்பிவிடுவது முதல் வழி. சாலை சற்றுக் காலியாக இருக்கும் என்பது இதன் கவர்ச்சி. விடியுமுன் எழுந்து, நெரிசல் தொடங்குமுன் கிளம்புவது இரண்டாவது வழி. நன்றாகத் தூங்கி எழுந்து, உணவருந்தி, நெரிசல் தணிந்த பிறகு புறப்படுவது மூன்றாவது வழி.

சாலையை மட்டும் பார்த்தால் முதல் வழியே சிறந்தது போலத் தோன்றும். ஆனால் காரை ஓட்டுவது சாலை அல்ல, மனிதன். அவன் ஐந்து நாள்களாகக் கூடாரத்தில் தரையில் படுத்தவன். பக்கத்துக் கூடாரத்தின் பாட்டும் பேச்சும் ஓய்ந்த பிறகே கண்ணயர்ந்தவன். ஜூன் இறுதியில் அங்கே காலை 5 மணிக்கெல்லாம் கதிரவன் எழுந்துவிடுவதால், துணிக் கூடாரத்துக்குள் அதன் பிறகு தூங்குவதும் எளிதன்று. ஞாயிறு காலை 7 மணிக்கு விழித்தவன் நள்ளிரவில் வண்டியை எடுத்தால், அப்போதே 17 மணி நேரம் விழித்திருந்தவனாகிறான். இவ்வாறு 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவருடைய கவனமும் செயல்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவருடையதைப் போலக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஒரு துளி மதுவும் தொடாதவருக்கும் இது பொருந்தும்.

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது நம் முன்னோர் மொழி. நித்திரை மெத்தையைத் தேடுவதில்லை. ஓட்டுநர் இருக்கையிலும் வந்துவிடும். பிரிட்டிஷ் விரைவுச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 70 மைல். அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது. நான்கே நொடி கண் செருகினால், ஏறத்தாழ 125 மீட்டர் தூரம் அதை ஓட்டுவார் யாருமில்லை!

இது வெறும் கணக்கு அன்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் விடியற்காலை, வட இங்கிலாந்தின் எம்-62 சாலையில் ஒருவர் ஓட்டி வந்த வண்டி, கிரேட் ஹெக் என்னும் ஊருக்கு அருகே சாலையை விட்டு விலகிக் கீழேயிருந்த இருப்புப் பாதையில் போய் நின்றது. அதன்மேல் மோதித் தடம் விலகிய விரைவு ரயில், எதிரே வந்த சரக்கு ரயிலோடு மோதியது. 10 பேர் மாண்டனர். வண்டியோட்டியோ உயிர் பிழைத்தார். முந்திய இரவு உறங்காமல் வந்து, வழியில் கண்ணயர்ந்ததே காரணம் எனக் கண்ட நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் எந்த விழாவுக்கும் போய் வந்தவர் அல்லர். தூங்காத ஓர் இரவுதான் அவருடைய குற்றம். அதற்கு விலை கொடுத்தவர்கள் முன்பின் அறியாத ரயில் பயணிகளும் ஊழியர்களும்.

எனவே நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை நெடும்பயணத்தைத் தவிர்க்குமாறு பிரிட்டிஷ் சாலை விதி நூலே அறிவுரை கூறுகிறது. மூன்றாவது வழியே நல்வழி என்பதில் ஐயமில்லை. நெரிசல் எப்போது குறையும் என்பதைவிட, ஓட்டுபவர் எப்போது தூங்கி எழுந்தார் என்பதே புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

மது பற்றி ஒரு சொல்

ஞாயிறு இரவு குடித்தது திங்கள் காலைக்குள் போய்விடும் என்று பலர் நம்புகின்றனர். அது தவறான நம்பிக்கை. மதுவின் அளவை அந்நாட்டில் யூனிட் என்று கணக்கிடுவர். 4 விழுக்காடு மது கொண்ட பீர் ஒரு பைன்ட் என்பது 2.3 யூனிட் ஆகும். உடல் ஒரு யூனிட்டைக் கழிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நான்கு பைன்ட் குடித்து நள்ளிரவில் நிறுத்தியவரின் உடலில் காலை 9 மணிக்கும் மது எஞ்சியிருக்கலாம். காப்பியோ குளிர்ந்த நீரோ இதை விரைவுபடுத்த மாட்டா. இங்கிலாந்தில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்துள்ள வரம்பு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஸ்காட்லாந்திலோ 2014 டிசம்பர் முதல் அது 50 மில்லிகிராம் மட்டுமே. வடக்கே எல்லை கடந்து வீடு திரும்புவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். வண்டி ஓட்டப் போகிறவர் ஞாயிறு முழுவதும் மதுவைத் தொடாதிருப்பதே ஐயத்துக்கு இடமில்லாத கணக்கு.

வருமுன் காத்தல்

திரும்பும் பயணத்துக்கான ஆயத்தம் புறப்படும் முன்பே, வீட்டிலேயே, தொடங்க வேண்டும். யார் ஓட்டுவது? இருவர் மாறி மாறி ஓட்டுவது சிறப்பு. ஆனால் அவ்விருவருக்கும் அந்தக் காரை ஓட்ட இன்ஷூரன்ஸ் உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். திரும்பும்போது நெரிசலில் நிற்பதற்கும் போதுமான பெட்ரோலைப் போகும் வழியிலேயே நிரப்பிக்கொள்வது நலம். காரிலேயே ஒரு பையைத் தனியே வைத்துவிட்டுப் போகலாம். அதில் குடிநீர், கெடாத தின்பண்டம், உலர்ந்த உடை, சுத்தமான காலணி ஆகியவை இருக்கட்டும். சேறு படிந்த ரப்பர் பூட்ஸ் பிரேக்கிலிருந்து வழுக்கும் என்பதால், ஓட்டுபவர் காலணியை மாற்றிக்கொள்வது மிக அவசியம். விழா நாள்களில் கார் விளக்கை எரியவிட்டோ கைப்பேசிக்கு மின்னேற்றியோ பாட்டரியைக் காலி செய்துவிடக் கூடாது. வழியைக் காட்டும் வரைபடத்தையும் முன்னரே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு இலட்சம் பேர் கூடிய இடத்தில் தொலைத்தொடர்பு தடையின்றிக் கிடைக்குமென்று நம்பியிருக்கலாகாது.

வேண்டாத பொருள்களை ஞாயிறு பிற்பகலிலேயே மூட்டை கட்டிவிட்டால் திங்கள் காலை வேலை பாதியாகும். களைப்பினால் கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டு வருவோர் ஒரு காலத்தில் பலர். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2019-இல் கொண்டுவந்த கூடாரங்களில் 99.3 விழுக்காடு திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன என விழா நடத்துவோர் தெரிவித்தனர். அந்த வயல்களில் மீண்டும் மாடுகள் மேய வேண்டுமல்லவா!

பயணம் தொடங்கிய பின்பும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் வண்டியை நிறுத்தி இளைப்பாற வேண்டும் என்று சாலை விதி நூல் கூறுகிறது. தூக்கம் தலைகாட்டினால் சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் உதவா. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கோப்பை காப்பி அருந்தி, 15 நிமிடமேனும் உறங்குவதே மருந்து. விரைவுச் சாலைகளில் இதற்கென ஓய்விடங்கள் உள்ளன; அங்கே இரண்டு மணி நேரம் கட்டணமின்றிக் காரை நிறுத்தலாம். சாலையின் விளிம்பில் நிறுத்துவதோ பேராபத்து. உடன் வருவோருக்கும் ஒரு கடமை உண்டு. பின்னிருக்கையினர் தூங்கட்டும்; ஓட்டுபவர் அருகே அமர்ந்தவர் மட்டும் விழித்திருந்து, பேச்சுக் கொடுத்து, அவர் கண்களைக் கவனித்து வர வேண்டும்.

வீட்டில் காத்திருப்போர்

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் இரவோடு இரவாக ஓடி வருவதற்குப் பல வேளைகளில் காரணம் நாமே. திங்கட்கிழமை மதிய உணவுக்கு வந்துவிட வேண்டும் என்று நாள் குறிக்கிறோம். "இன்னும் கிளம்பவில்லையா? எங்கே வருகிறாய்?" என்று மணிக்கொரு முறை தொலைபேசியில் அழைக்கிறோம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரின் கவனத்தை அன்பினாலேயே கலைத்துவிடுகிறோம். அதற்கு மாறாக, "தூங்கி எழுந்து மெல்ல வா, செவ்வாய்க்கிழமையும் விடுப்பு எடுத்துக்கொள், நின்று இளைப்பாறும்போது நீயே பேசு" என்று சொல்லி அனுப்பினால், அதைவிடப் பெரிய வழித்துணை வேறென்ன?

வொர்த்தி பண்ணையில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கின்றனர். 2018 அத்தகைய ஓய்வு ஆண்டு. 2026-உம் அவ்வாறே ஒதுக்கப்பட்டது. ஓயாது மிதிபட்டால் புல்லும் முளைக்காது என்பதை அந்தப் பண்ணையாளர் அறிந்திருக்கிறார். மண்ணுக்கே ஓய்வு வேண்டுமென்றால், நான்கு உயிர்களைச் சுமந்து வரும் ஓட்டுநரின் கண்களுக்கு ஓர் இரவு ஓய்வு வேண்டாமா? எந்த நாட்டு விழாவாயினும், எந்தச் சாலையாயினும், பிள்ளை தன் வீட்டுக் கதவைத் தட்டும் நேரத்தில்தான் விழா நிறைவு பெறுகிறது. அது சில மணி நேரம் தாமதமாக நிறைவு பெற்றால் எவருக்கும் நட்டமில்லை.