சைவம் என்னும் சொல்

தேக்கா உணவகங்களில் அடிக்கடி கேட்கும் வினா, “சைவமா, அசைவமா?” என்பது. திருமாலை வழிபடுபவரும் தேவாலயம் செல்பவரும்கூடப் புலால் உண்ணாத நாளில் “சைவம்” என்றே விடையிறுப்பர். ஒரு சமயத்தின் பெயர் உணவின் பெயராகிச் சமய எல்லையையும் கடந்துவிட்டது.

1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும், 1947-இல் சிராங்கூன் சாலையில் எழுந்த கோமள விலாசும் இச்சொல்லுக்குச் சிங்கப்பூரில் உருக்கொடுத்தன எனலாம். அந்த இலையில் நெய்யும் தயிரும் பாயசமும் உண்டு; முட்டைக்கு இடமில்லை. ஆனால் எல்லாருடைய மரக்கறியும் இதுவன்று. நோன்பு காக்கும் சீனப் பௌத்தர் வெங்காயத்தையும் பூண்டையும் விலக்குவர். சமண நெறியில் உறுதியுடையோர் மண்ணுக்குள் விளையும் கிழங்குகளைத் தொடார். இவர்கள் நடுவே நெய்யொழுகும் மசாலாத் தோசை ஒன்றை வைத்தால், பௌத்தர் வெங்காயத்துக்கும் சமணர் உருளைக்கிழங்குக்கும் பின்வாங்குவர். தமிழர் மட்டுமே தயங்காமல் கை வைப்பார்.

இவ்வரிசையில் இறுதியாக வந்து அமர்ந்தவர் வீகன். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் தோழரும், வெஜிடேரியன் என்னும் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி இப்பெயரை அமைத்தனர். பால், நெய், தேன் யாவும் இவர்களுக்கு விலக்கு. கறவைக்காக வளர்க்கப்படும் மாட்டின் ஆண்கன்று எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கின்றனர். எளிதில் தட்டிக்கழிக்கக்கூடிய வினா அன்று அது.

தமிழில் இதற்கு ‘நனிசைவம்’ என்றொரு சொல் வழங்குகிறது. நனி என்பது மிகுதி குறிப்பது. சொல் இனிது, பொருள்தான் இடறுகிறது. பாலை விலக்குவது மிகுந்த சைவமாகுமா? இறைவனை ஆனைந்தால் ஆட்டுவது சைவம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில்வரை பக்தர் தலையில் சுமந்து செல்வதும் பாற்குடமே. தேக்காவோ மாட்டுப்பட்டிகள் இருந்த மண். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரின் பொருளே எருமைப்பட்டி; பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் ஒரே எருமையை இருமொழிகளில் நினைவூட்டுகின்றன.

இச்சொற்குழப்பத்தால் இடர்ப்படுபவர் உண்பவரே. “சைவமா?” என்று வீகன் கேட்கிறார், “சைவம்தான்” என்கிறார் பரிமாறுபவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பருப்பின்மேல் நெய் விழுந்துவிடுகிறது.

திருக்குறளின் 26ஆம் அதிகாரத் தலைப்பு, புலால் மறுத்தல். எதனை மறுக்கிறோம் என்பதைத் தலைப்பே உரைத்துவிடுகிறது. அவ்வழியில் ‘பாலும் மறுத்த உணவு’ என்று வழங்கினால் என்ன? சொல் சற்று நீளம்தான். ஆனால் அதைக் கேட்ட பரிமாறுபவர் நெய்க்கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு, “தேநீரும் பாலில்லாமல்தானே?” என்று கேட்பார்.