இருபத்தோர் அறைகள்

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரை யொன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். பயிற்றப்பட்ட தமிழாசிரியருக்கு அதுவன்றி வேறென்ன தெரியும் என அன்னார் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்ததோ ஒரு விளையாட்டுப் பொறியைப் பற்றி. விரல் பட்ட மாத்திரத்தே கைப்பேசியிற் தமிழ் தோன்றக் காணும் இக்கால மாணவர், அஃது என்றும் அவ்வாறே இருந்ததென நினைக்கின்றனர்.

1993 ஆம் ஆண்டு, யாம் கல்லூரியிற் பயின்று கொண்டிருந்த காலை, இலண்டனிலிருந்து வந்த எம் மாமா, தம் பிள்ளைகள் கழித்துவிட்ட 'சின்கிளேர் ஸ்பெக்ரம்' என்னும் வீட்டுக் கணினியைக் கொணர்ந்தார். 1982 இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1992 இல் உற்பத்தி நின்றுபோன பொறி அது. கொப்பியளவினது, இறப்பர்ச் சாவிகள் 40 உடையது, நினைவகம் 48 கிலோபைற்று. திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும், விளையாட்டை ஏற்றுதற்கு வீட்டு ஒலிப்பதிவுக் கருவியும் வேண்டும். நாடா ஓடுங்கால் எழும் கிறீச்சொலியே விளையாட்டு! ஐந்து நிமிடம் காத்திருந்த பின், ஒலியளவு சற்றுப் பிசகியிருப்பின், பிழைச் செய்தியொன்றே கிட்டும். சிறு திருப்புளியால் நாடா படிக்கும் தலையை நேர்செய்வதில் எம் தோழர் சிலர் வித்தகராயினர். மின்வெட்டுக்கு மட்டும் மருந்தில்லை.

1983 இல் மத்தியூ சிமித் என்னும் இளைஞர் தனியொருவராய் ஆக்கிய 'மேனிக் மைனர்' விளையாட்டில் 20 குகைகள் உண்டு. உடன் வந்த ஆட்டக்கோல் ஒரு வாரத்தில் முறிந்துவிடவே, சாவிகளாலேயே குகை குகையாய்த் தாவினோம். அவ்வளவில் நின்றிருப்பின் இக்கட்டுரைக்கு இடமில்லை.

விளையாட்டு ஆக்குவோர் பேயும் கப்பலும் வரைந்துகொள்ளுதற்கென அப்பொறியில் 21 வெற்றறைகள் விடப்பட்டிருந்தன. அறையொன்றுக்கு எட்டு வரி. வரியொன்றுக்கு எட்டுப் புள்ளி. வரிக்கோர் எண்ணாக எட்டெண் கொடுப்பின் ஓர் உருவம் பிறக்கும். அவ்வறைகளிற் பேய்க்குப் பதிலாகத் தமிழை இருத்தினால் என்ன? பகரம் எளிது: 66 என்பதை ஐந்து முறை, அடியில் 126, மேலும் கீழும் வெற்று வரி. ஆயின் தமிழெழுத்து 247, அறையோ 21. சதுரக்கோட்டுக் கொப்பியில் இரவெல்லாம் கணக்கிட்டோம். 'தோப்பூர்' என்றெழுத ஆறறை. 'திருக்கோணமலை' என்றெழுத மேலும் ஒன்பது. ணகரம் ஈரறை கொண்டது. லகர ஐகாரத்துக்குத் துதிக்கை வரைய இடமின்மையின், தமிழ்நாட்டரசு 1978 இல் ஏற்ற புதுவடிவையே கைக்கொண்டோம். எம் தமிழாசிரியர் கண்டு முகஞ்சுளித்தார். எஞ்சிய ஆறறையில் யார் பெயரை எழுதுவது என்பதிற் தோழர்க்குள் வழக்கு மூண்டது.

அவ்வழக்குத் தீருமுன் விடுமுறை வந்தது. தோப்பூரில் எம் வீட்டுக்கு அந்நாளில் மின்சாரம் இல்லை. ஆயினும் நாடாக்களைப் பிரிய மனமின்றிப் பையில் இட்டுச் சென்றோம். மூதூருக்குப் படகேறும் துறையிற் காவல் நின்றோர் ஒரு நாடாவை எடுத்து இயக்கினர். பாட்டு வரவில்லை, கிறீச்சொலி வந்தது. யாருக்கு விடுக்கும் செய்தி இது என்றனர். எமக்குத் தெரிந்த சிங்களம் பத்துப் பன்னிரண்டு சொல். அவற்றுள் 'விளையாட்டு' என்பது இல்லை. படகு போயிற்று. மூன்று மணி நேரத்தின் பின் எம்மை விட்டனர், நாடாக்களை விடவில்லை. அக்காலத்தில் அவ்வாறு மறிக்கப்பட்டோர் அனைவரும் அடுத்த படகிற் போனவரல்லர். அதனை நன்கறிந்த எம் தாயார், அப்பொறியின் பேச்சையே வீட்டில் எடுக்கவொட்டார். விடுதியில் விட்டுச் சென்ற கொப்பியொன்றே எஞ்சியது.

எம் நாட்டில் வீட்டுக் கணினி அதற்கு முன்னரே புகழ்பெற்றிருந்தது. திருக்கோணமலைக் கடலிற் சுழியோடிக் கோயிற் சிதைவுகளைப் பற்றி எழுதிய ஆதர் சி. கிளார்க், 1983 இல் கொழும்பிலிருந்தே 'கேப்ரோ' கணினி வழியே அமெரிக்கத் திரைப்பட நெறியாளர் பீற்றர் ஹயம்சுடன் மடல் பரிமாறினார். அவருக்கு ஆங்கிலம் போதும். தமிழுக்கு அறை தேடியோரும் இருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். கனடாவிற் சீனிவாசன் 1980களில் 'ஆதமி' ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் 'முரசு' தொடங்கினார். யாம் கொப்பியிற் கட்டம் நிரப்புதற்கு ஈராண்டு முன்னர், 1991 இல், யுனிக்கோடு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கப்பட்டாயிற்று! மூதூர்த் துறைக்கு அச்செய்தி எட்டவில்லை.

சென்ற ஆண்டு எம் மாணவியொருத்தி அக்கொப்பியைக் கண்டு, பழைய பொறியைப் போல நடிக்கும் மென்பொருளொன்றைத் தன் கணினியில் நிறுவி, எண்களை ஒவ்வொன்றாய் இட்டாள். இரண்டு ஊர்ப்பெயரும் திரையில் வந்தன. எஞ்சிய ஆறறை யாருக்கு என்று கேட்டாள். வழக்கு இன்னும் தீரவில்லை என்றோம். தன் பெயருக்கு நான்கே போதும் என்கிறாள்.