பதுக்கிய பட்டியல்

உப்பல் ராஜீவ் காந்தி விளையாட்டரங்கில் ஐபிஎல் ஆட்டம் நடக்கும் மாலைகளில், சுற்றுப்புறத் தெருக்களில் கைப்பேசி இணையம் தவழத் தொடங்கிவிடும். அரங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த அந்த முனைவர் பட்ட ஆய்வாளருக்கு இது பழகிப்போன தொல்லை. கைப்பேசி வழியாகவே மடிக்கணினிக்கு இணையம் பெற்றுவந்த அவர், அத்தகைய மாலைகளில் அஞ்சல்பெட்டியைத் திறந்துவிட்டுத் தேநீர் போடச் செல்வார். குடித்து முடித்துத் திரும்பும்போதும் பட்டியல் முழுமையாக வந்து சேர்ந்திருக்காது.

அவர் பயன்படுத்தியது, ஆய்வுக்கூட நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதிப் பராமரித்துவந்த ஒரு சிறிய மின்னஞ்சல் செயலி. திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா அஞ்சல்களின் தலைப்பு விவரங்களையும் அது சர்வரிடமிருந்து புதிதாகக் கேட்டு வாங்கும். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த முதுகலை மாணவர் ஒருவர், இந்தக் குறையைத் தீர்க்க ஒரு நிரல் மாற்றத்தை எழுதி அனுப்பினார். அதை மதிப்பாய்வு செய்யும் பொறுப்பை ஆய்வாளர் தாமாகவே கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

மாற்றம் எளிமையானது. ஒருமுறை பெற்ற தலைப்பு விவரங்கள் கணினியிலேயே ஓர் எஸ்க்யூலைட் கோப்பில் சேமிக்கப்படும். அடுத்த முறை பட்டியல் அந்தக் கோப்பிலிருந்தே எழும். புதிதாக வந்த அஞ்சல்களை மட்டும் சர்வரிடம் கேட்டால் போதும். ஆட்டம் நடந்த ஒரு மாலையில் ஆய்வாளர் அதை இயக்கிப் பார்த்தார். கண் இமைப்பதற்குள் பட்டியல் விரிந்தது. வேலைப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டியிருப்பதால் வார இறுதிக்குள் ஒப்புதல் கிடைத்தால் நன்று என்று மாணவர் எழுதியிருந்தார். அது அவருடைய முதல் பங்களிப்பு.

தொலைவில் உள்ளதன் நகலை அருகில் வைத்துக்கொள்ளும் இந்த உத்தி பழையது. மெதுவான பெரிய நினைவகத்தின் முன்னே விரைவான சிறிய நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். 1968இல் ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியோடு அதற்குக் 'கேஷ்' என்ற பெயர் பரவியது. ஒளித்து வைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்த பெயர் அது. தமிழில் 'பதுக்கல்' என்றால் பொருள் கிட்டத்தட்ட நேராக வருவதோடு, அந்தச் சொல்லுக்கே உரிய எச்சரிக்கையும் உடன் வந்துவிடுகிறது. பதுக்கிய பண்டம் கெட்டுப்போகும் நாள் ஒன்று உண்டு.

ஆய்வாளரின் கண் ஒரே ஒரு வரியில் நின்றது. சேமித்த ஒவ்வொரு பதிவுக்கும் மாணவர் கொடுத்திருந்த அடையாளம் இரண்டே கூறுகளால் ஆனது: அஞ்சல்பெட்டியின் பெயர், அஞ்சலின் எண்.

மின்னஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறை, ஓர் அஞ்சலை அடையாளம் காண மூன்று கூறுகளைக் கேட்கிறது. பெட்டியின் பெயர், அஞ்சலுக்குரிய எண், இவ்விரண்டுக்கும் நடுவே 'யூஐடி வேலிடிட்டி' எனப்படும் செல்லுபடி எண். இம்மூன்றும் சேர்ந்தால் அந்தச் சர்வரில் என்றென்றும் ஒரே அஞ்சலைத்தான் குறிக்க வேண்டும் என்பது விதி. 2003இன் ஆவணத்திலும், அதற்கு மாற்றாக 2021இல் வந்த ஆவணத்திலும் இது உண்டு. பெட்டி அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்பட்டாலோ, வேறு சர்வருக்கு மாற்றப்பட்டு எண்கள் புதிதாக இடப்பட்டாலோ, செல்லுபடி எண் மாறும். மாறியது தெரிந்தவுடன் செயலி தன் சேமிப்பை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட வேண்டும். மாணவரின் நிரல் அந்த எண்ணைக் கேட்கவே இல்லை.

இதை ஆய்வாளர் உடனே கண்டுகொண்டதற்குக் காரணம் அவருடைய கூர்மை மட்டுமன்று. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு கருவியில், இதே பிழையை அவரே செய்திருந்தார். ஒரு நிறுவனத்தின் அஞ்சல் சர்வர் இடம் மாறியபோது எண்கள் புதிதாக இடப்பட்டன. அவர் எழுதிய கேஷ் பழைய தலைப்புகளைப் புதிய எண்களின் மேல் ஒட்டிக் காட்டியது. மூத்த ஆய்வாளர் ஒருவர், பட்டியலில் விளம்பரமாகத் தெரிந்த ஒன்றை நீக்கினார். சர்வரில் அந்த எண்ணில் இருந்தது, களப்பணியிலிருந்து வந்த தரவுகளைத் தாங்கிய அஞ்சல். நீக்கியது மீளவில்லை. நிரலை ஒப்புக்கொண்டவர் எழுதியிருந்தது ஒரே சொல்: "நன்று." 1976இலேயே ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன், நிரலைச் சோதிப்போர் எதையெல்லாம் தேட வேண்டும் என்ற கேள்விப் பட்டியலோடு ஒரு முறையை வகுத்துத் தந்திருந்தார். அந்தப் பட்டியலை அன்று ஒருவரும் கையில் எடுக்கவில்லை. எடுக்குமாறு ஆய்வாளரும் கேட்கவில்லை.

"நேத்து ஓட்டிப் பாத்தேன்க்கா, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு," என்றார் மாணவர்.

"நேத்து சரிதான்பா. இது என்னைக்குப் பொய் சொல்லும்னு நீயே கண்டுபிடிச்சுக் காட்டு."

விடையைச் சொல்லாமல் ஆய்வாளர் ஒரு சோதனையை மட்டும் அமைத்துக் கொடுத்தார். மடிக்கணினியிலேயே டவ்காட் அஞ்சல் சர்வரை நிறுவி, ஒரு பெட்டியில் மூன்று அஞ்சல்களை இட வேண்டும். செயலியால் திறந்து பார்த்து மூட வேண்டும். பிறகு பெட்டியை அழித்து, அதே பெயரில் மீண்டும் உருவாக்கி, வேறு மூன்று அஞ்சல்களை இட்டுச் செயலியைத் திறக்க வேண்டும். மாணவர் செய்தார். பட்டியலில் பழைய தலைப்புகளே நின்றன. தலைப்பைச் சொடுக்கினால் வேறு அஞ்சல் திறந்தது. அவர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் மற்றக் கேள்விகள் எளிதாகப் பிறந்தன. அஞ்சலின் தலைப்பு மாறாதது, ஆகவே சேமிக்கலாம். படித்தது, படிக்காதது என்னும் குறி கைப்பேசியிலிருந்தும் மாறக்கூடியது; ஆகவே சேமித்ததை நம்பலாகாது. கடைசியாகப் பார்த்ததற்குப் பின் மாறிய குறிகளை மட்டும் கேட்டுப் பெறும் ஐமேப் நீட்டிப்பு 2006 முதலே இருக்கிறது. அதை ஏற்காத சர்வரிடம் எல்லாக் குறிகளையும் கேட்டே ஆக வேண்டும். வேறிடத்தில் நீக்கப்பட்ட அஞ்சல் இங்கே பட்டியலில் தொங்குமா? பலர் பயன்படுத்தும் ஆய்வுக்கூடக் கணினியில் அந்தச் சேமிப்புக் கோப்பை யார் யார் திறக்க முடியும்? செயலியின் அடுத்த பதிப்பில் பதிவின் வடிவம் மாறினால் பழைய கோப்பு என்ன ஆகும்? 'மட்' என்னும் பழைய அஞ்சல் செயலி, வடிவம் மாறியதைத் தானே உணர்ந்து பழைய சேமிப்பைப் புறக்கணிக்கிறது என்பதை மாணவரே தேடிக் கண்டு சொன்னார்.

வார இறுதி கடந்துவிட்டது. விண்ணப்பத்தில் 'மதிப்பாய்வில் உள்ளது' என்றே எழுத வேண்டியதாயிற்று. ஆய்வாளருக்கு அது உறுத்தியது. ஆயினும் தாம் பெற்ற அந்த ஒற்றைச் சொல்லை இன்னொருவருக்கு வழங்க அவருக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையில் அவர் வேறொன்றும் செய்தார். தம் ஆய்வேட்டுக்காகப் பல ஆண்டுகளாகத் தரவிறக்கி வைத்திருந்த கட்டுரைகளின் அடைவைத் திறந்து, மேற்கோள் காட்டிய ஒவ்வொன்றையும் அதனதன் இதழின் தளத்தில் மீண்டும் பார்த்தார். ஒன்றிற்குத் திருத்தம் வெளியாகியிருந்தது. அவர் கைவசம் இருந்த நகல் அதை அறியவில்லை. அதை நம்பி எழுதிய பத்தியும் அறியவில்லை. அன்றே அந்தப் பத்தியைத் திருத்தினார்.

மாணவரின் திருத்திய நிரல் வந்தபோது, அடையாளத்தில் மூன்று கூறுகளும் இருந்தன. டவ்காட் சோதனையும் நிரலோடு சேர்க்கப்பட்டிருந்தது. ஆய்வாளர் ஒப்புதல் அளித்தார். தாம் எவற்றைச் சோதித்தார் என்பதை ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, கீழே இரண்டு வரிகளைச் சேர்த்தார்: "ஒரே பெட்டியை இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் திறக்கும் நிலையைச் சோதிக்கவில்லை. வட்டு நிரம்பும் நிலையையும் சோதிக்கவில்லை."

மறுநாள் காலை, அவ்விரண்டுக்கும் சோதனைகள் எழுதி மாணவர் அனுப்பியிருந்தார். இரண்டாவதில் செயலி நின்றுபோயிருந்தது.